ஐந்து மதிப்பெண் கடிதம்

இங்கிலீஷில் பாஸ், கணக்கில் பாஸ், அறிவியலில் பாஸ், சமூக அறிவியலில் பாஸ். தமிழில் மட்டும் பெயில். அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஏப்ரலில் முப்பத்து மூன்று, ஜூலைத் துணைத்தேர்வில் முப்பத்து ஒன்று. அமுதவள்ளியின் மதிப்பெண் பட்டியலை முதலில் பார்த்தபோது மதன்குமாருக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வருகிற ஜனம் கணக்கில் கவிழும், இங்கிலீஷில் முங்கும். பேசுகிற பாஷையில் கவிழ்ந்தவரை அவன் பார்த்ததில்லை. "ஒரு மாசத்துல தேத்திரலாம்க்கா" என்று சொல்லிவிட்டான். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டான்.

மதன்குமார் தமிழில் எம்.ஏ., பி.எட். வயது இருபத்தெட்டு. அரசாங்க வாத்தியார் வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். தினமும் பாலவனத்தத்தில் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் இறங்கி, ஒரு சேலைக் கடையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, தனித்தேர்வர்களுக்குத் தமிழ் நடத்துகிறான். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்து இலக்கணம் படிப்பவர்களுக்கு அரசாங்கம் தனியாகவே ஒரு சான்றிதழ் தரலாம்.

அமுதவள்ளிக்கு வயது நாற்பத்து ஒன்று. பரளச்சிக்குத் தெற்கே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்புக்கு வருவாள். அப்பன் ஆத்தாள் காட்டு வேலை பார்த்தவர்கள். இவள் ஒன்பதாவதோடு பருத்தி எடுக்கப் போனவள். அந்த மையத்தின் அமைப்பாளர் கோகிலாம்பாள் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பெண். பத்து பாஸ் பண்ணின சமையலருக்கு அமைப்பாளராகப் பதவி உயர்வு உண்டு என்று விசாரித்து வைத்து, விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, பரீட்சைக்கு அனுப்பியதே அவர்தான். "அடுப்புல வெந்தது போதும்டி, என் நாற்காலியில நீதான் உக்காரணும்" என்றாராம். இடையில் நிற்பது தமிழ் ஒன்றுதான். மார்ச்சில் எழுதி, மே மாதத்துக்குள் பாஸ் ஆகாவிட்டால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வந்துவிடும்.

முதல் வாரமே மாதிரித் தேர்வு வைத்தான். செய்யுளை வரி பிசகாமல் எழுதியிருந்தாள். அணி இலக்கணம் அச்சடித்த மாதிரி. அப்படியானால் மார்க்கு எங்கே போகிறது என்று பக்கத்தைத் திருப்பினான். 'அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக்குக' என்ற எட்டு மதிப்பெண் கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

'நான் அரசுப் பொருட்காட்சிக்குச் சென்றதில்லை.'

அடுத்தது, பத்தியைப் படித்து விடை எழுதுவது. குதிரைவாலி ஆடி மாதம் விதைக்கப்படுகிறது என்று பத்தியில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எப்போது விதைக்கப்படுகிறது என்று கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்து எழுதும். இவள் எழுதியிருந்தாள்: 'புரட்டாசியில். ஆடியில் விதைத்தால் எறும்புதான் தின்னும்.'

மதன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, பத்தியில என்ன போட்டிருக்கோ அதை எழுதணும்."

"பத்தி தப்பு சார்."

"தப்பா இருக்கட்டுமே. உங்களை வெதைக்கவா சொன்னாக? பாத்து எழுதத்தான சொன்னாக?"

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படி சார் எழுத?"

வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவனுக்கு எரிச்சலை மூட்டியது. வம்புக்காரர்களைச் சமாளித்துவிடலாம்.

ஆனால் விடாப்பிடியாக நின்றான். பத்தி சமாச்சாரம் மூன்று வாரத்தில் படிந்தது. 'இப்பத்தியின்படி' என்று ஆரம்பித்து எழுதலாம் என்று அவன் ஒரு வழி காட்ட, அவளுக்கு மனசு சமாதானமாகிவிட்டது. தப்பு பத்தியோடது, தன்னுடையது இல்லை. பொருட்காட்சிக்கு அவனே போய்வந்த கதையை ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியிருந்தது. நுழைவுச் சீட்டு எங்கே வாங்கினான், ராட்டினம் எந்தப் பக்கம் இருந்தது, டெல்லி அப்பளம் எவ்வளவு பெரிசு, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டாள். பிறகு 'எனக்குத் தெரிந்தவர் சென்று வந்ததாகக் கூறியபடி' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதித் தந்தாள். அந்த முதல் வரியை அடிக்க வைப்பதற்குள் அவனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அசையாமல் நின்றது கடிதம்தான். 'உணவு விடுதி ஒன்றில் உண்ட உணவு தரமற்றதாக இருந்தது குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் புகார்க் கடிதம் எழுதுக.' ஐந்து மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பத்து வரி, இப்படிக்கு, உறைமேல் முகவரி. மனப்பாடம் பண்ணினால்கூட மூன்று மதிப்பெண் வந்துவிடும். போன தடவை அந்த மூன்று கிடைத்திருந்தால் கரையேற ஒரே ஒரு மார்க்குதான் பாக்கி இருந்திருக்கும். ஆனால் அமுதவள்ளி அனுப்புநரும் பெறுநரும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

"இதை மட்டும் எழுத மாட்டேன் சார்."

"ஏன்க்கா?"

"நான் சோறாக்குறவ. சாப்பிடாத ஓட்டல்ல சாப்பிட்டதா சொல்லி, அங்க எவளோ ஒருத்தி ஆக்குன சோத்தைக் குத்தம் சொல்லி, அதிகாரி பேரைப் போட்டு எழுதச் சொல்றீக."

"ஓட்டலே கெடையாதுக்கா. கற்பனை. அதிகாரியும் கற்பனை."

"மனுன்னா மனுதான சார்? போன வருசம் பட்டாவுக்குக் கலெக்டராபீஸ்ல மனுக் குடுத்தேன். எழுதுனதெல்லாம் நெசந்தானா, பொய்யின்னா கேஸாயிரும்னு அங்க உள்ளவுக ரெண்டு தரம் கேட்டாக. பேரைப் போட்டு, கையெழுத்தைப் போட்டு, அப்புறம் வெளையாட்டுங்கிறீகளே."

"அப்ப அமைப்பாளர் வேலை?"

அமுதவள்ளி நோட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் இருந்த மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டுட்டோரியல் முதலாளி தனுஷ்கோடி வேறு, தமிழ்ல பெயிலாகுற கேஸை எதுக்குய்யா கட்டி அழுவுற, நம்ம பேர்ல்ல கெடுது என்று அவன் காதைக் கடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி முழுதும் இந்தக் கூத்துதான். கெஞ்சினான், கேலி பண்ணினான், கோகிலாம்பாளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினான். மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை பொறுமை அறுந்துவிட்டது. பரீட்சைக்கு மூன்றே வாரம். நோட்டை அவள் முன்னால் தொப்பென்று போட்டான்.

"நாப்பத்தோரு வருசத்துல கெட்டுப்போன சோத்தை ஒரு நாள்கூட நீங்க கண்ணால பாத்ததே இல்லியா? அந்த ஒரு நாளை எழுதுங்க. நெசத்தையே எழுதுங்க. எழுதாம எந்திரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு டீக்கடைக்கு இறங்கிப் போய்விட்டான். கோபம் ஆற இரண்டு டீ தேவைப்பட்டது. அவன் திரும்பி வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவள் கிளம்பியிருந்தாள். நோட்டு மேஜைமேல் இருந்தது. ஒன்றரைப் பக்கம் நிறைந்திருந்தது.

'சென்ற ஐப்பசி மழையில் எங்கள் மையத்தின் கூரை ஒழுகி அரிசி மூட்டை நனைந்தது. நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது அரிசி கட்டி கட்டியாக இருந்தது. வாடை வந்தது. அதைக் கழுவி உலர்த்தி, புளியைக் கூடச் சேர்த்துப் புளிசாதமாகச் செய்யும்படி எனக்குச் சொல்லப்பட்டது. செய்தேன். அறுபத்தெட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளை இரண்டாவது தடவை கேட்டது. நான் போட்டேன்.'

மதன்குமார் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தான். எம்.ஏ. படித்த காலத்தில்கூட அவனுக்கு இப்படி எழுத வந்ததில்லை. ஓட்டலுக்குப் பதில் சத்துணவு மையம் என்று எழுதியிருக்கிறாள், பரவாயில்லை, பரீட்சையில் மாற்றிக்கொள்ளலாம். வழி திறந்துவிட்டது. மூன்று மாத எரிச்சலும் ஒரே நிமிஷத்தில் இறங்கிப்போக, அவனுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. அனுப்புநர், பெறுநர் பகுதியை விட்டுவிட்டு, கீழே இருந்த பெயரையும் கையெழுத்தையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்தான். 'மாதிரிக் கடிதம். எழுதினா இப்படி எழுதணும்' என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். குழுவில் நாற்பது பேர். இருபத்து மூன்று பேர் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு அமுதவள்ளி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மட்டம் போடுகிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பரளச்சி பஸ்ஸில் ஏறினான். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. இரு பக்கமும் சீமைக்கருவேலம். திட்ட வேண்டியதை எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல்கூடத்துக்குப் பின்னால் அமுதவள்ளி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து, சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஏன்க்கா வரல?"

"கோகிலாம்பா அக்காவைச் சஸ்பெண்டு பண்ணிட்டாக சார்."

திட்ட வந்தவன் அங்கிருந்த படியில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்ததை அவள் அண்டாவைத் தேய்த்தபடியே சொன்னாள். வகுப்புக் குழுவில் இருந்த யாரோ அந்தப் படத்தை இந்த ஊர்க் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் மறைந்திருந்தது, ஆனால் 'பொருள்' என்ற இடத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் முழுசாக இருந்தது. புதன்கிழமை ஜீப் வந்தது. அதிகாரி போனை நீட்டி, இது யார் எழுத்து என்று கேட்டார்.

"என் எழுத்துதான்னேன். பரீட்சைக்கு எழுதிப் பாத்தது சார்னும் சொன்னேன். அது சரிம்மா, நடந்ததா நடக்கலையா, அதைச் சொல்லுன்னாரு. அக்கா பக்கத்துலதான் நிக்கிறாக. நடந்துச்சுன்னேன்."

"நடக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா அதோட முடிஞ்சிருக்கும்லக்கா?"

"நடந்துச்சே சார்."

அவனுக்கு அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எவன்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் கோகிலாம்பாளும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையாம். மூட்டையைத் திருப்பி அனுப்பினால் வேறு மூட்டை வர நாலு நாளாகும், அது வரை பிள்ளைகள் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்றுதான் ஆக்கச் சொன்னாராம். தினமும் சோற்றைச் சமையலர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அமுதவள்ளி.

"அன்னையில இருந்து நெஞ்சுல கெடந்துச்சு சார். நீங்க நெசத்தை எழுதுன்னதும் அதுதான் வந்துச்சு."

"அதைக் குழுவுல போட்டது நான்தான்க்கா" என்றான் மதன்குமார். அதைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு நேரம் பிடித்திருந்தது.

"தெரியும் சார். படத்துல உங்க பெருவெரலு இருந்துச்சு. சாக்பீஸு ஒட்டியிருந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் கொஞ்சம் தேறியிருப்பான். விசாரணை முடிகிற வரை கோகிலாம்பாளுக்கு ஓய்வுப் பணமும் இல்லை, பென்சனும் இல்லை என்று சொன்னாள். வீட்டுப் பக்கம் போனால் கதவைத் திறக்கவில்லையாம்.

"பரீட்சையாவது எழுதுவீகளா?"

"எழுதுவேன் சார். அக்கா குடுத்த காசுல கட்டுன பரீட்சை."

எழுதினாள். வகுப்புக்கு மட்டும் வரவில்லை. அவன் குழுவில் இருந்து அந்தப் படத்தை அழித்தான். அழித்து என்ன, அது நாலு ஊர் சுற்றியாகிவிட்டது. உறக்கம் கெட்டது. வகுப்பில் கடிதம் எழுதுவது பற்றி நடத்த வேண்டிய நாளில் வயிற்று வலி என்று லீவு போட்டான்.

மே மாதம் நடுவில் முடிவு வந்தது. அவள் பதிவெண் அவனிடம் இருந்தது. தமிழ், அறுபத்து நான்கு. மதன்குமார் சந்தோஷப்படப் பார்த்தான், முடியவில்லை. போன் பண்ணினான். இந்தத் தடவை எடுத்தாள்.

"பாஸுக்கா. அறுபத்து நாலு."

"திங்கக்கிழமை காலையில வாரேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கே மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் இரண்டு வெள்ளைத் தாள், ஒரு பேனா. இனிப்பு வாங்கி வந்திருப்பாள் என்று தனுஷ்கோடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்கா கேஸுல என் எழுத்து ஒண்ணுதான் சாட்சியாம். நான் எழுதுனதும் பொய், கேட்டப்பச் சொன்னதும் பொய்யின்னு எழுதிக் குடுத்தா விட்ருவாகளாம். அக்கா மகன் வந்து சொன்னாரு. இன்னைக்குக் கலெக்டராபீஸ்ல மனு வாங்குற நாளு. எழுதிட்டுக் காட்டுறேன், பாத்துக் குடுங்க."

மதன்குமாருக்குச் சுரீரென்றது. "பொய்ப் புகார் எழுதுனேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, உங்களுக்கு அமைப்பாளர் வேலை எப்படிக் குடுப்பாக? இருக்கிற சமையல் வேலையும் போயிரும்."

"போகும்னுதான் நானும் நெனைக்கேன்."

"அப்ப எதுக்குக்கா இந்தப் பரீட்சை? எதுக்கு மூணு மாசமா என் உயிரை எடுத்தீக? ஒரு ஓட்டலைப் பத்திப் பொய் எழுத மாட்டேன்னு அந்த நிலை நின்னீக. இப்ப மட்டும் எப்படி எழுதுவீக?"

"அந்த ஓட்டல்காரி யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல சார்" என்றாள் அமுதவள்ளி. "அக்காவைத் தெரியும்."

"நான் வாரேன். நான்தான் சொல்லி எழுத வச்சேன்னு நான் எழுதித் தாரேன்."

"எழுத்து என்னுது. அதிகாரிகிட்ட ஆமான்னதும் நான். நீங்க வந்தா உங்களுக்கு வரவேண்டிய கவர்மெண்டு வேலைக்கும் இடைஞ்சல்."

அவள் அப்படிச் சொன்னதும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

அவள் தாளை நேராக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். எங்கும் நிற்கவில்லை, அடிக்கவில்லை, அவனை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள். 'மேற்படி கடிதம் தேர்வுப் பயிற்சிக்காக முழுவதும் கற்பனையாக என்னால் எழுதப்பட்டது. அன்றைய தினம் அரிசி நல்ல நிலையில் இருந்தது. உணவு நன்றாக இருந்தது. விசாரணையின்போது நான் பயத்தில் மாற்றிக் கூறிவிட்டேன். அமைப்பாளர் மீது எந்தத் தவறும் இல்லை.' இப்படிக்கு என்று போட்டு, முழுப் பெயரும் எழுதி, கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

மதன்குமார் சிவப்புப் பேனாவை எடுத்தான். ஒரு பிழை கிடைத்தால் போதும். ஒரு ஒற்று விட்டிருந்தால், தேதி தப்பாக இருந்தால், அதைச் சாக்காக வைத்து முதலில் இருந்து எழுதச் சொல்லலாம். ஒன்பதே கால் விருதுநகர் பஸ் போய்விடும். மனு வாங்குகிற நேரம் தாண்டிவிடும். அதற்குள் அவள் மனசு மாறினாலும் மாறும். மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். உறைமேல் முகவரி வரைக்கும் விரலை வைத்துப் படித்தான். மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்த எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"சரியா இருக்கா சார்?"

"சரியா இருக்குக்கா."

அவள் தாளை இரண்டாக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, வாரேன் சார் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் படியிறங்கிப் போனாள்.